வன்னியில் இருந்து குளிருக்குள்: ஹோர்ட்டன் சமவெளியில் கூட்டமாகக் கூடாரம் போடுவது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. 'முகாம்' என்ற சொல்லை வீட்டில் எடுக்க வேண்டாம், எங்கட பக்கம் அது போரில் இடம்பெயர்ந்து இருந்த அகதி முகாமைத்தான் நினைவூட்டும். நான் எடுத்தேன். "தறப்பாளுக்குக் கீழ படுத்தது காணாதோ, இனிக் காசு குடுத்தும் போய்ப் படுக்கப் போறியோ?" என்று அம்மம்மா கேட்டார், என்னிடம் பதில் இல்லை. மலைநாட்டுக்குச் சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. நாள்

மலையில் மழை குறைவது சனவரி முதல் மார்ச் வரை. சனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், அதோடு எங்கட பக்கம் காலபோக வெட்டு நேரம் என்பதால் பாதிப் பேர் வயலை விட்டு வரமாட்டார்கள். ஆகவே மார்ச். ஏப்ரலில் நுவரெலியா முழுக்கச் சனம். மே முதல் தென்மேல் பருவக்காற்று, அது கூடாரத்தையே பிடுங்கும்.

2. ஆக்கள், காசு

ஒரு ஹயஸ் வானுக்குப் பொதிகளோடு பத்துப் பேர் போதும். "வாறன் மச்சான்" என்பவரை எண்ணாதீர்கள், முற்பணம் தந்தவரை மட்டும் எண்ணுங்கள். காசு ஒருவர் கையில் இருக்கட்டும்.

3. அனுமதி

1988 இல் தேசிய பூங்காவான இடம், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தை முன்கூட்டியே பதிந்து காசு கட்ட வேண்டும். அது உறுதியான பிறகுதான் வான் பேசுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்து, வானுக்குக் கொடுத்த முற்பணத்தை இழந்தோம்.

4. குளிர்

இங்கேதான் எங்கட ஆக்கள் தோற்பது. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நாங்களோ மார்கழிப் பனிக்கே சாரத்தை இழுத்துப் போர்த்திப் படுப்பவர்கள். முதல் தடவை ஆளுக்கொரு நல்ல போர்வை கொண்டுபோனோம், ஆனால் கீழே விரிக்க ஒரு பாய்தான். குளிர் மேலிருந்து வரவில்லை, நிலத்திலிருந்து முதுகுக்குள் ஏறியது. இரவு இரண்டு மணிக்கு ஒன்பது பேர் வானுக்குள், பத்தாவது ஆள் மட்டும் தடித்த ஸ்பொஞ்ச் பாயில் குறட்டை. அதனால் போர்வையை விடக் கீழ்விரிப்புக்குக் காசு செலவழியுங்கள். படுக்க முன் காய்ந்த காலுறை மாற்றுங்கள். கூடாரத்தின் காற்றுத் துவாரத்தை அடைத்தால் மூச்சே நீராகி விடியும்வரை முகத்தில் சொட்டும்.

அப்புறம், கூடாரத்தை ஒருநாள் முற்றத்தில், இரவில், ரோச் வெளிச்சத்தில் அடித்துப் பாருங்கள். எந்தக் கம்பி குறைகிறது என்று கிளிநொச்சியிலேயே தெரிந்துவிடும்.

5. சாப்பாடு

வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட உரித்துவிடுவார்கள். லஞ்ச் சீற்றில் சோறு கட்டாமல் வாழையிலையிலோ மூடிப் பெட்டியிலோ கட்டுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கெடாது, கச்சானை வறுத்துத் துணிப்பையில் போடுங்கள். விறகு பொறுக்க நினைக்காதீர்கள், சின்னக் கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். குளிரில் கேஸ் சோம்பி எரியும், சமைக்க முன் கலனைக் கொஞ்ச நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்திருங்கள். மிச்சச் சாப்பாட்டை வெளியே விடாதீர்கள், மரை மான் வந்து மோப்பம் பிடிக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஊட்டாதீர்கள்.

6. பயணமும் நடையும்

இரவுச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டு ஏ9 வழியாகக் கண்டி, பிறகு நுவரெலியா, பட்டிப்பொல. கண்டி தாண்டினால் வளைவுதான், பின்சீற்றில் இருப்பவர்களுக்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் நடையைத் தொடங்குங்கள். 'உலக முடிவு' என்ற செங்குத்து மலை விளிம்பையும் பேக்கர் அருவியையும் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், மூன்று நான்கு மணித்தியாலம் போகும். முதலில் உலக முடிவுக்குப் போங்கள். ஒன்பது, பத்து மணியானால் பல நாள்களில் புகார் மூடி, காலடியில் 870 மீற்றர் பள்ளம் இருக்கிற இடத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளிம்பில் செல்ஃபி வேண்டாம்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

ஈரக் கூடாரத்தை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அன்றே முற்றத்தில் காயவிடுங்கள், வாசல் வலையை மட்டும் மூடிவிட்டு. எங்கட கோழி இரண்டு நாள் உள்ளே படுத்து முட்டையிட்டது.