200 வந்தும் ஆவணங்கள் ஏறாத பல்க் இண்டெக்ஸிங்: சரிசெய்த விதம்

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில், பல ஆவணங்களை ஒரே தடவையில் ஏற்றும் பல்க் கோரிக்கைக்கு 200 (வெற்றி) என்று பதில் வந்தாலே எல்லாம் ஏறிவிட்டதாக எண்ணக்கூடாது. பதிலின் தொடக்கத்தில் உள்ள 'எரர்ஸ்' ட்ரூ என்றிருந்தால், 'ஐட்டம்ஸ்' பட்டியலில் ஒவ்வொரு ஆவணத்தின் ஸ்டேட்டஸையும் பார்த்தே ஆகவேண்டும். ஆவணங்களை ஏற்றும் என் நிரலில் நான் முதலில் சேர்த்தது இந்தச் சோதனையைத்தான்.

எனக்கு வந்த பிழைகளில் பெரும்பாலானவை 400, அதாவது அனுப்பிய தரவிலேயே கோளாறு. முதல் ஆவணத்தில் '2023-04-01' என்று இருந்ததால் அந்தப் புலத்தை சர்வர் தானாகவே தேதி வகையாக்கிவிட்டது. பின்னால் 'தெரியவில்லை' என்று எழுதிய வரிகள் எல்லாம் தள்ளுபடி. இதை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் பயனில்லை. இருக்கும் புலத்தின் வகையை மாற்றவும் முடியாது. மேப்பிங்கை (எந்தப் புலம் என்ன வகை என்ற வரையறையை) முன்கூட்டியே எழுதிப் புது இண்டெக்ஸ் (ஆவணத் தொகுப்பு) உருவாக்கி, அதில் ஏற்றினேன். தேதி இல்லாத வரிகளுக்கு 'நல்' (null, வெற்று மதிப்பு) அனுப்புவதே சுத்தமான வழி.

429 வேறு கதை. பெரும்பாலும் ரைட் வரிசை (சர்வரில் எழுதக் காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசை) நிரம்பியதால் வருவது. தோல்வியடைந்த ஆவணங்களை மட்டும், இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி அனுப்பினால் ஏறிவிடும். ஐடியை நாமே கொடுத்திருந்தால் நகல் விழாது. ஆனால் காரண வரியையும் படியுங்கள்: டிஸ்க் 95% தாண்டினாலும் புதிய பதிப்புகளில் இதே 429தான் வரும். அப்போது இடத்தைக் காலி செய்யாமல் எதுவும் நகராது.

413 வந்தால் கோரிக்கை 100 எம்பி உச்சவரம்பைத் தாண்டியிருக்கும். நான் 5 முதல் 15 எம்பிக்குள் வைக்கிறேன். கடைசி வரிக்குப் பிறகும் நியூலைன் வேண்டும். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியில் கோப்பிலிருந்து அனுப்பினால் 'டேட்டா-பைனரி' கட்டாயம், வெறும் 'டி' நியூலைன்களை விழுங்கிவிடும்.