பி.எல். வரைவுக்குக் கட்டைவிரல் போடாதீர்கள்

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ரைஸ் மில்காரர்கள் இப்போது கலர் சார்ட்டரை (நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்) சீனாவிலிருந்து நேரடியாகத் தருவிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) வரைவைச் சரிபார்க்காமல் வருஷா வருஷம் யாராவது புதிதாக அதே பள்ளத்தில் போய் விழுகிறார்கள். விலையைக் குறைத்துக் காட்டாதே, இன்வாய்ஸைத் தொலைக்காதே என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

பி.எல்.லில் யார் பெயர்?

நம் ஊர் மில்லில் போர்டு தாத்தா பெயரில் இருக்கும், ஜி.எஸ்.டி. மகன் பெயரில் இருக்கும். சப்ளையர் வாட்ஸப்பில் பெயர் கேட்டால் போர்டைப் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். திருவாரூர் பக்கம் ஒரு மில்லில் அதுதான் நடந்தது. ஐ.இ.சி. (இறக்குமதி, ஏற்றுமதிக்கு அரசு தரும் எண்) இருந்தது அம்மாவின் நிறுவனப் பெயரில். பில் ஆஃப் லேடிங்கில் ஏறியது போர்டுப் பெயர். சி.எச்.ஏ. (சுங்க ஏஜென்ட்) பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதிப் படிவம்) போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் கப்பல் கம்பெனி சரக்குப் பட்டியலைச் சுங்கத்தில் தாக்கல் செய்துவிட்டது.

இனி சப்ளையர் கடிதம் தர வேண்டும், அங்குள்ள ஏஜென்ட் ஒப்ப வேண்டும், கப்பல் கம்பெனி திருத்தம் கேட்க வேண்டும், சுங்கம் ஏற்க வேண்டும். வந்தது சீனப் புத்தாண்டு; அந்தப் பக்கம் போனை எடுக்க ஆளில்லை. இங்கே சம்பா அறுவடை. கன்டெய்னர் யார்டில் கிடக்கக் கிடக்க யார்டு வாடகை ரூபாயில் ஏறியது, கன்டெய்னர் வாடகை டாலரில் ஏறியது. பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் போடாவிட்டால் முதல் மூன்று நாள் தினம் ₹5,000, அப்புறம் தினம் ₹10,000. அதுவும் சேர்ந்தது.

எனக்கு எரிச்சல் இதில்தான்: கப்பல் கிளம்பும் முன்பே பி.எல். வரைவு அந்த மில்காரர் போனுக்கு வந்திருக்கிறது. திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார்!

வரைவிலுள்ள பெயர், முகவரி, பான் எண், ஜி.எஸ்.டி. எண், எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் எண்), பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை. இவற்றை ஐ.இ.சி. சான்றிதழ், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அப்படியே சி.எச்.ஏ.வுக்கும் அனுப்பி, அவர் சரி என்ற பிறகு பதில் போடுங்கள்.

ஐ.இ.சி.

ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வருடம் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள், மாற்றமே இல்லாவிட்டாலும். விட்டால் முடங்கும்.

மரப்பெட்டி

ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பக்குவப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இல்லையேல் ஏற்றவிடாதீர்கள்.

"காரைக்கால் பக்கம்தானே?"

காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரிதான் பிரதானம். உங்கள் கன்டெய்னருக்குச் சென்னை, இல்லையேல் தூத்துக்குடி.

வரிக் கணக்கு

இன்வாய்ஸ் விலைக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரைக்கான விலை) வாங்கினால் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்புக்குத்தான் வரி. கூலிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் விலையில் 20 சதவீதம், இன்சூரன்ஸுக்கு 1.125 சதவீதம் என்று சுங்கமே சேர்த்துக்கொள்ளும். அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.). "அது கிரெடிட்டில் திரும்பிவிடும்", அதாவது விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வரிவிலக்குள்ள அரிசியை மட்டுமே விற்கும் மில்லுக்கு அந்தக் கிரெடிட் கிடையாது. முன்பணம் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் இந்த ஒன்றையாவது கேட்டுவிடுங்கள்.