சராசரி சரியாகத்தான் இருக்கிறது, லைன் ஏன் நிற்கிறது?

பெங்களூரு பொம்மசந்திரா பக்கம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலையில் நான் சேர்ந்த புதிதில், எக்செல் ஷீட்டில் எல்லா ஸ்டேஷனும், அதாவது அசெம்பிளி லைனில் ஒவ்வொருவரும் நின்று வேலை செய்யும் இடமும், நேரத்துக்குள் முடிகிறது என்று பச்சையாக இருக்கும். லைன் மட்டும் பதினோரு மணிக்கு மேல் நின்று நின்று போகும். நாலாவது ஸ்டேஷனில் பேட்டரி மாட்டும் கிருஷ்ணகிரிக்காரர் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "சார், பெரிய வண்டி ஜோடியா வந்தா நான் அடுத்த ஸ்டேஷன் ஆளு மடியிலதான் போய் உக்காரணும்."

கணக்கு இதுதான். ஷிப்டில் வேலை நேரம் 450 நிமிடம், வண்டி 150. ஆக 180 வினாடிக்கு ஒரு வண்டி வெளியே வர வேண்டும். இதைத்தான் டாக்ட் டைம் என்கிறோம். நாலாவது ஸ்டேஷனில் சின்ன மாடலுக்கு 160 வினாடி, நடு மாடலுக்கு 170, பெரிய மாடலுக்கு 260. அன்றாட எண்ணிக்கை 90, 40, 20. சராசரி போட்டால் 176 வருகிறது. 180-க்குள் இருக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. லைனில் சராசரி வண்டி என்று ஒன்று வருவதே இல்லை.

கன்வேயர் நிமிடத்துக்கு 1 மீட்டர் நகர்கிறது. பெரிய வண்டி ஒன்று வந்தால் 80 வினாடி கூடுதல். அவர் வண்டியோடு தன் ஸ்டேஷன் எல்லையைத் தாண்டி சுமார் 1.3 மீட்டர் போகிறார். அடுத்ததும் பெரியதென்றால் 2.7 மீட்டர். அவர் போல்ட் முறுக்கும் டார்க் கன்னின் கேபிள் எல்லைக்கு அப்பால் ஒன்றரை மீட்டர்தான் எட்டும். அங்கே கயிற்றை இழுத்து லைனை நிறுத்துவார். பின்னால் சின்ன வண்டி வந்தால் ஒவ்வொன்றிலும் 20 வினாடி மிச்சம், நாலு வண்டியில் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். ஆகவே பெரிய வண்டிகளுக்கு நடுவே போதிய இடைவெளி வேண்டும். 9, 4, 2 என்ற விகிதத்தில் 15 வண்டிக்கு ஒரு சுற்று, அதில் இரண்டு பெரியதும் ஏழெட்டு வண்டி தள்ளித் தள்ளி வந்தாலே போதும்.

பதினோரு மணிக்கு ஏன்? ஓசூரிலிருந்து வரும் பேட்டரி லாரி அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கி பத்தரைக்குத்தான் வரும். அதுவரை பெரிய மாடலை ஒதுக்கி வைத்து, லாரி வந்ததும் மொத்தமாக லைனில் விடுவார்கள். வரிசை போட்டவர் மேல் பழி. உண்மையில் அந்த வரிசையை யாருமே ஓட்டவில்லை.

இன்னொரு தவறு, உதிரிபாகம் சீராகச் செலவாகும்படி வரிசை போட்டால் ஆள்களின் சுமையும் தானே சீராகிவிடும் என்று நினைப்பது. இரண்டும் வேறு வேறு. இதற்குள் பெயின்ட் ஷாப் வேறு: அவர்களுக்கு ஒரே நிறம் சேர்ந்து வர வேண்டும், நமக்குப் பெரிய வண்டி பிரிந்து வர வேண்டும். ரெனோ நிறுவனம் 2005-இல் பிரெஞ்சு செயல்பாட்டு ஆய்வுச் சங்கத்தின் (ROADEF) போட்டிக்குக் கொடுத்த கணக்கும் இந்த இழுபறிதான்.

ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக ஸ்டேஷன்களுக்கு வேலையைப் பிரிப்பதும் வம்பு. ஹாரன் மாட்டும் வேலை ஒரு மாடலில் மூன்றாவது ஸ்டேஷனுக்கும் இன்னொன்றில் ஐந்தாவதுக்கும் போய் விழும். இரண்டு இடத்தில் டூல், இரண்டு இடத்தில் ஸ்க்ரூ டப்பா, பழக்க வேண்டியதும் இரண்டு ஆள். பொது வேலைகளை எல்லா மாடலுக்கும் ஒரே ஸ்டேஷனில் வைத்துவிட்டு மற்றதைப் பிரியுங்கள். நேரம் எடுக்கும்போது கெட்டிக்கார ஆள் கை வேகத்தை மட்டும் அளக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அளக்கிறோம்.

ஒரு தீபாவளி சீசனில் பெரிய மாடல் 20-லிருந்து 35 ஆனது, சின்னது 75 ஆகக் குறைந்தது. சராசரி 186. இனி எந்த வரிசையும் காப்பாற்றாது, வேலையைத்தான் நகர்த்த வேண்டும். நாங்களோ ஒரு வாரம் வரிசையையே மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பெரிய மாடலின் ஹார்னஸுக்கு (ஒயர் கட்டுக்கு) கிளிப் போடுவதை லைனுக்கு வெளியே ஒரு பெஞ்சுக்குக் கொண்டுபோனோம். 260 வினாடி 215 ஆனது. ஜோடியாக வந்தாலும் இப்போது 70 வினாடிதான், கேபிள் எட்டுகிறது.