ஒரு ஹவுஸ் ஆல்பத்தப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொன்னா எதை எடுத்துக்கறது, எதைத் தாட்டி விடறது

பல்லடத்துல நம்ம செட்டு ஒண்ணு இருக்குதுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு பேக்கரில ஒட்டுக்கா கூடுவோம், டீயும் தேங்கா பன்னும் தின்னுட்டு ஊர்ப் பஞ்சாயத்து முச்சூடும் பேசறது. ஒருக்கா பிளாக் காஃபின்னு ஒரு தென்னாப்பிரிக்கா டிஜே இருக்காருல்லீங்க, அவரோட சப்கான்ஷியஸ்லிங்கற ஆல்பத்த வெச்சு சண்டை. ஹவுஸ்னு ஒரு இசை வகைங்க அது, மெஷின்ல பண்றது, ஒரே சீரா அடி ஓடும், ஆடறதுக்குன்னு பண்ண பாட்டு. 2021ல வந்தது, அடுத்த வருசம் கிராமி வாங்குச்சு, எலக்ட்ரானிக் ஆல்பம் பிரிவுல. ஒருத்தன் "தெய்வம்டா"ங்கறான், ஒருத்தன் "மண்டபத்து லிஃப்ட்ல போடற பாட்டு"ங்கறான், ஒருத்தன் "எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான்"ங்கறான், நாலாவது ஆளு "பழைய பிளாக் காஃபி செத்துப் போச்சு"ன்னு ஒப்பாரி. இதக் கேட்டுட்டு இருந்த டீ மாஸ்டர் ஒரே வார்த்தைல முடிச்சாரு, "ஏனுங் தம்பி, நம்மகட்ட பிளாக் காஃபியே போடறதில்லியே, எங்க குடிச்சிட்டு வந்து எங்க சண்டை போடறீங்க?"

அன்னிக்கி வீட்டுக்குப் போறப்ப யோசிச்சேன், நாலு பேரும் பொய் சொல்லல, நாலு பேரும் அதே ஆல்பத்ததான் கேட்டிருக்கானுக, அப்பறம் எப்பிடி இப்பிடி? அதுல இருந்து ஹவுஸ் ஆல்பத்தப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நான் ஒரு முறை வெச்சிருக்கேன். புதுசா கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், நேர்த்தியா இருக்காது, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மொத வேலை, கருத்து சொல்றவன்கிட்ட "எதுல கேட்ட?"ன்னு கேளுங்க. இத கேக்காம அவன் கருத்த எடுத்துக்கவே கூடாது, ஏன்னா ஹவுஸ் மியூசிக்ல பாதி சங்கதி கீழ்ச்சத்தத்துல இருக்குது. கிக்கு, அதாவது டும்முனு விழற டிரம், அடிக்கறது, அதுக்குக் கூட பேஸ்னு கனத்த சத்தம் ஓடறது எல்லாம் பெரும்பாலும் 50ல இருந்து 100 ஹெர்ட்ஸ் பக்கம், ஹெர்ட்ஸ் நம்பர் கொறைய கொறைய சத்தம் கனமாகும். போன் ஸ்பீக்கர்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ பேருக்குத்தான் வரும். அப்ப போன் ஸ்பீக்கர்ல கேட்டவனுக்குக் கேட்டது என்ன? மேல ஒரு தட்டல், ஒரு "ச்" சத்தம், நடுவுல ஒரு பொண்ணு மெதுவாப் பாடறது. கொழம்ப ஊத்தாம வெறுஞ்சோத்தத் தின்னுட்டு சமையல் சரியில்லைன்னு சொல்ற மாதிரி. லிஃப்ட் பாட்டுன்னு சொன்னவன் திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கறான், நம்ம மாப்ளதான், ஆபீஸ்ல மேசை மேல போன வெச்சு சன்னமா ஓட விட்டிருக்கான். அந்தக் கருத்த அக்கட்ட வெச்சிருங்க.

இதுக்கு நேர் எதிரும் இருக்குது. நமக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்காரு, நோம்பி, கல்யாணம்னா அவரு பாக்ஸ்தான். டாஃப்ட் பங்க்னு பிரான்ஸ்ல ரெண்டு பேரு சேந்த ஒரு குழு இருந்துச்சு, அவங்களோட ஒன் மோர் டைம் பாட்ட அவருகிட்டப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு நிமிசத்துல ஓடி வந்து ஆம்ப்பத் தொட்டுப் பாக்கறாரு, "தம்பி லிமிட்டர் புடிக்குது, சத்தம் அமுங்கி அமுங்கி வருது, கொறைங்க"ன்னு. லிமிட்டர்னா சத்தம் அளவுக்கு மேல போனா அமுக்கற சமாச்சாரம். அவரு காது பொய் சொல்லலீங்க. அந்த அமுக்கம் பாட்டுலயே இருக்குது. கிக்கு அடிக்கற ஒவ்வொரு வாட்டியும் மத்த எல்லாச் சத்தத்தையும் ஒரு இமைப்பொழுது தாழ்த்தி மறுக்கா தூக்கி விடுவாங்க, சைடுசெயின்னு பேரு. கிக்குக்கு எடம் விடறதுக்கு ஆரம்பிச்ச வேலை, அப்பறம் அதுவே ஒரு ருசியா ஆயிருச்சு, பாட்டே மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். இது தெரியாதவங்க "ரெக்கார்டிங் சரியில்ல, அமுங்குது"ன்னு எழுதுவாங்க, தெரிஞ்சவங்க அதுக்குத்தான் காசு குடுத்து வாங்கறாங்க. அதனால "சத்தம் சரியில்ல"ன்னு ஒரு கருத்து கண்ணுல பட்டா அது குறையா, வேணும்னே பண்ணதான்னு பாருங்க.

அடுத்து, இந்த "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு" கேஸு. ஹவுஸ்ல ஏறக்கொறைய எல்லாருமே கேக்கற குத்தம் இதுதான், இங்க கொஞ்சம் நின்னு பேசணும்.

ஒரு கணக்கு போடுங்க. ஹவுஸ் பெரும்பாலும் நிமிசத்துக்கு 120ல இருந்து 128 அடி. 120ன்னு வெச்சுக்கங்க, ஒரு அடிக்கு அரை வினாடி, நாலு அடி சேந்தா ஒரு பார், அது 2 வினாடி. இந்தப் பாட்டுல மாத்தம்னு ஒண்ணு வந்தா அது 8 பாருக்கு ஒருக்கா, இல்ல 16 பாருக்கு ஒருக்கா வரும், ஒரு தட்டல் சேரும், பேஸ் மாறும், ஏதோ ஒண்ணு விலகும். 16 பார் எவ்வளவு? 32 வினாடி. இப்ப நம்மாளு என்ன பண்றான், ஒவ்வொரு பாட்டையும் அரை நிமிசம் கேட்டுட்டு அடுத்ததுக்குத் தாவறான். மாத்தம் வர்றதுக்கு ரெண்டு வினாடி முன்னாடி தாவிட்டு "மாறவே இல்ல"ங்கறான். எல்லாம் ஒண்ணுன்னு சொன்னவன் இப்பிடித்தான் பன்னெண்டு பாட்டையும் ஆறு நிமிசத்துல முடிச்சிருக்கான், அவனே ஒத்துக்கிட்டான்.

இன்னொண்ணு, இந்த இசை பொறந்த எடமே அப்பிடி. 1977ல சிகாகோல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப்பு, அங்க ஃப்ராங்கி நக்கிள்ஸ்னு ஒரு டிஜே, ராத்திரி முச்சூடும் ஆடறவங்களுக்கு டிஸ்கோ பாட்ட நீட்டி நீட்டி, ஒட்டி ஒட்டிப் போட்டாரு. அந்த வேர்ஹவுஸ்ல இருந்துதான் ஹவுஸ்ங்கற பேரே வந்துச்சு. ஆக இது உக்காந்து வரி வரியாக் கேக்கறதுக்குப் பண்ணது இல்ல, ஆடற காலுக்குப் பண்ணது. பாட்டோட மொதல்லயும் கடைசிலயும் வெறும் அடி மட்டும் ஒரு நிமிசம் ஓடும், அது எதுக்குன்னா டிஜே அடுத்த பாட்ட அதுமேல ஏத்தி ஒட்டறதுக்கு. பேக்கரில உக்காந்து கேக்கறவனுக்கு அது "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேடா".

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாம இருக்கறதுதான் எனக்கு ஆச்சரியம். துடும்பு மேளம் அடிக்கறத நின்னு பாத்திருக்கீங்கல்ல? ஒரே அடி, கால் மணி நேரம், சன்னமா ஏறும், யாராச்சும் "அடிய மாத்துப்பா"ன்னு கேட்டிருக்காங்களா? வள்ளி கும்மில ரெண்டு மூணு மணி நேரம் வட்டம் சுத்தறாங்க, அதே கையடி, அதே காலெடுப்பு, போகப் போக ஒரு வேகம் புடிக்கும் பாருங்க, பாக்கற நம்ம காலே நிக்காது. அதே ஆளு ஹெட்போன்ல ஹவுஸ் கேட்டா சலிக்குதுங்கறான். எங்க பங்காளி ஒருத்தன், தறி வெச்சிருக்கான், அவனுக்கு மட்டும் மொத நாளே இது புடிச்சுப் போச்சு. சாதா தறில நிமிசத்துக்கு ஏறக்கொறைய 120, 130 பிக்கு ஓடும், பிக்குன்னா ஊடு நூல் ஒரு வாட்டி குறுக்க பாயறது, ஹவுஸ் வேகமும் அதேதான். சின்னப் புள்ளைல இருந்து தறிச்சத்தத்துல தூங்குனவன், தறி நின்னா முழிச்சுக்குவான். "தெய்வம்டா"ன்னு சொன்னது அவன்தான். அவன் கருத்த அப்பிடியே எடுத்துக்க முடியுமான்னா அதுவும் முடியாது, அவனுக்கு அடி ஒழுங்கா இருந்தா எல்லாமே தெய்வந்தான்.

"மாறிட்டான், பாப் ஆயிட்டான்"னு அழுகறவங்களுக்கு வேற கேள்வி. "இதுக்கு முன்னாடி அவரோடது எது உனக்குப் புடிக்கும்?"னு கேளுங்க, கருத்தோட மூலம் அங்கதான் கெடக்குது. இந்த ஆல்பத்துல ஃபாரல், உஷர், டிப்ளோ, டேவிட் கெட்டான்னு பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் இருக்காங்க. நம்ம நாலாவது ஆளு வேற ஒண்ணுக்குக் காத்துட்டு இருந்தான், தோல் வாத்தியமும் இருட்டும் கலந்த அந்தப் பழைய கிளப் சவுண்டுக்கு. சந்தகை கேட்டு உக்காந்தவனுக்கு நூடுல்ஸ் வெச்சா நூடுல்ஸ் நல்லா இருந்தாலும் கோவந்தான் வரும். அவன் சொல்றதுல தகவல் இருக்குது, "இதுல பாட்டு எச்சா, தாளம் கம்மி"ங்கற தகவல். தீர்ப்ப விட்டுட்டு தகவல மட்டும் எடுத்துக்கங்க, உங்களுக்குப் பாட்டு புடிக்கும்னா அவனோட திட்டே உங்களுக்கு சிபாரிசு.

இந்த மாதிரி "மாறிட்டான்" கோவம் எவ்வளவு நாளு தாங்கும்னு பாக்க டாஃப்ட் பங்க் கதை போதும். 1997ல ஹோம்வொர்க்னு மொத ஆல்பம், வீட்டுல வெச்சுப் பண்ண முரட்டு ஹவுஸ். 2001ல டிஸ்கவரி வந்துச்சு, மெஷின் கொரல்ல பாடறது, டிஸ்கோ மினுக்கு, ராக் கிட்டார் மாதிரி சவுண்டு, ஹோம்வொர்க் ரசிகன் பல பேருக்கு என்னடா இது கூத்துன்னு ஆயிருச்சு. பிட்ச்ஃபோர்க்னு ஒரு அமெரிக்க இசை விமர்சன வெப்சைட்டு அப்ப குடுத்த மார்க்கு பத்துக்கு 6.4. அதே பிட்ச்ஃபோர்க் 2021ல பழைய மார்க்கு கொஞ்சத்த திருத்துனப்ப இதுக்கு 10 போட்டாங்க. இருவது வருசத்துல ஆல்பத்துல ஒரு அடி கூட மாறல, நடுவுல வந்தவங்க எல்லாம் அதக் கேட்டு வளந்துட்டாங்க. அதுக்காக இன்னிக்கித் திட்டு வாங்கற எல்லா ஆல்பமும் நாளைக்கித் தங்கம்னு நெனைச்சுக்காதீங்க, நெறைய குப்பை குப்பையாவேதான் இருக்கும்.

சரி, இப்ப நீங்களே எப்பிடிக் கேக்கறது.

மொத தடவ எதையும் கவனிக்காதீங்க. நான் பண்றது, கோயமுத்தூர் உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறி சன்னலோர சீட்டு. நாப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம், டிஸ்கவரியும் ஒரு மணி நேரந்தான், கச்சிதம். பஸ்ல டிரைவர் வேற பாட்டு போட்டா அன்னிக்கி விட்டுருங்க, ரெண்டு பாட்டையும் கலந்து கேட்டா தலைவலிதான் மிச்சம். காதுல முழுசா பொருந்தற இயர்போன் வேணும், விலை எச்சா வேணும்னு இல்ல, ஆனா தொளதொளன்னு இருந்தா கீழ்ச்சத்தம் ஒழுகிரும். ஷஃபிள் கூடவே கூடாது. வெளிய தென்னந்தோப்பப் பாத்துட்டே போங்க. எறங்கறப்ப எந்தப் பாட்டு வாயில முணுமுணுக்குதோ அத மட்டும் குறிச்சு வெச்சுக்கங்க.

ரெண்டாவது தடவ ஒரே ஒரு சத்தத்தப் புடிச்சுட்டுப் போங்க. கிக்கு, டும் டும் டும் டும், நாலும் சமமா விழும். ரெண்டு டும்முக்கு நடுவுல ஒரு "ச்" வரும், ஹைஹேட்டு. ரெண்டாவது நாலாவது அடில கைதட்டு. இது மூணையும் காது புடிச்சுட்டா அதுக்கு மேல என்ன வருது போகுதுன்னு தானாத் தெரியும். புடிக்காத பாட்ட வேணும்னே இந்த தடவ முழுசாக் கேளுங்க, அது பெரும்பாலும் மூணாவது நிமிசத்துக்கு மேலதான் வாயத் தொறக்கும்.

மூணாவது தடவ பெரிய பாக்ஸ்ல. கிடைக்காட்டி கார்ல. கூட நாலு பேரு இருந்தா இன்னும் நல்லது, தனியாக் கேட்டப்ப சலிச்ச பாட்டு அடுத்தவன் தலையாட்டறப்ப வேற மாதிரி ஆயிரும், இது வசியமெல்லாம் இல்ல, அந்தப் பாட்டு பண்ணதே கூட்டத்துக்குத்தான்.

அப்பறம் ஒண்ணு, அவசரப்பட்டு மட்டம் தட்டாதீங்க. சரண்ஜித் சிங்னு பம்பாய்ல ஒருத்தரு, இந்தி சினிமாப் பாட்டுக்கு கிட்டார் வாசிச்சவரு, 1982ல ரோலண்ட் கம்பெனியோட 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் மெஷினையும் வெச்சு பத்து ராகத்த டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாரு. பூபாலி அதுல இருக்குது, நம்ம மோகனந்தான், யமன் இருக்குது, நம்ம கல்யாணி. அப்ப வாங்க ஆளில்ல. சிகாகோல அதே 303 மெஷினத் திருகி ஆசிட் ஹவுஸ்னு ஒரு புது வகையக் கெளப்புன ஆசிட் ட்ராக்ஸ்ங்கற ரெக்கார்டு வந்தது 1987ல. 2010ல சிங்கோட ரெக்கார்ட மறுக்கா வெளியிட்டப்பதான் உலகமே வாயப் பொளந்துச்சு. மோகனத்த அந்த மெஷின்ல கேட்டுப் பாருங்க, மொத நிமிசம் சிரிப்பு வரும், அஞ்சாவது நிமிசம் வராது.

கடைசியா நீங்க கருத்து எழுதறப்ப "மாஸ்", "மொக்கை"ன்னு ஒத்த வார்த்தைல எழுதாதீங்க, படிக்கறவனுக்கு ஒண்ணும் கெடைக்காது. எதுல கேட்டீங்க, எத்தன தடவ, எங்க, எந்தப் பாட்டுல என்ன புடிச்சுது, புடிக்காததுக்குக் காரணம் பாட்டா, உங்க எதிர்பார்ப்பா, இவ்வளவு இருந்தாப் போதும். நான் நம்ம செட்டு வாட்ஸாப் குரூப்புல போட்டது இதுதான்: "சப்கான்ஷியஸ்லி, மூணு தடவ, ரெண்டு தடவ ஒயர் இயர்போன், ஒரு தடவ பங்காளி தறிக்கொட்டாயில கரண்ட் போனப்ப கார் ஸ்பீக்கர். டிரைவ் பாட்டு நெம்பப் புடிச்சுது, பேஸ் அடக்கமா வருது, பாடற பொண்ணு கொரலுக்கு எடம் விட்டு வருது. உஷர் பாட்டு மொத தடவ எரிச்சல், மூணாவது தடவ பரவால்ல. நடுவுல ரெண்டு மூணு பாட்டு எறங்கல, பஸ்ல கேட்டதாலயான்னு மறுக்கா பாக்கணும். ஆட்டத்துக்குத் தேடறவங்க இவரோட பழைய ஆல்பத்துக்குப் போயிருங்க."

அதுக்குக் கீழ மெர்ச்சண்டைசர் மாப்ள "ஓவர்டா"ன்னு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். இயர்போன் வாங்கிட்டியான்னு கேட்டேன். ரெண்டு நீல டிக்கு விழுந்துருச்சு, பதில் இன்னும் வரல.