நாவலுக்கு களஆய்வு எப்படி பண்றது?

நாவல் எழுதணும்னு உக்காந்தா நெறைய பேர் மொதல்ல கூகுள்தான் தொறக்கறாங்க, அது தப்பில்ல, ஆனா அதோட நிறுத்திட்டா கதை காஞ்சு போயிடும். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் எப்படி பண்ணாங்கன்னு பாருங்க. தூத்துக்குடி உப்பளத்துக்கு நேர்ல போய் அங்க வேலை செய்யறவங்ககிட்ட பழகி பேசித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினாங்க, நீலகிரி மலைல இருக்கற படகர் இன மக்களோட வாழ்க்கைய வச்சு 'குறிஞ்சித்தேன்', வட இந்தியாவுல சம்பல் பள்ளத்தாக்கு கொள்ளைக்காரங்கள தேடி கூட போயிருக்காங்க!

மொதல்ல உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கற ஒரு விஷயத்த எடுங்க, ட்ரெண்டுக்காக வேணாம். அப்புறம் அந்த ஊருக்கு போங்க, ஒரு தடவ இல்ல, வேற வேற சீசன்ல. உப்பளம்னா கோடைல வெயில் கண்ண கூசும், ஐப்பசி மழை வந்தா பாத்தியெல்லாம் தண்ணி நின்னு வேலையே இருக்காது, அப்ப அந்த வீட்ல அடுப்பு எப்படி எரியுதுன்னு கேளுங்க, கதையே அங்கதான் இருக்கு. போன உடனே ரெக்கார்டர நீட்டாதீங்க, யாரும் வாய தொறக்க மாட்டாங்க (நான் பட்டிருக்கேன்). டீ குடிங்க, சும்மா இருங்க, அவங்க சொல்ற வார்த்தைய அப்படியே நோட்ல எழுதிக்கோங்க, வசனத்துக்கு அதுதான் உயிர்.

எழுதும்போது சேத்ததுல முக்கால்வாசிய தூக்கி போடணும். கஷ்டமாத்தான் இருக்கும், என்ன பண்றது, கதாபாத்திரம் கண்ணுல படாத தகவல் அங்க எதுக்கு?