பழைய கோல்ஃப் வண்டியா? முதலில் மேட்டில் ஓட்டிப் பாருங்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வாளி ஏற்றிவர பழைய பேட்டரி கோல்ஃப் வண்டி தேடுகிறீர்களா? பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள், பணமெல்லாம் பேட்டரியில்தான். 48 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 8 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 6 இருக்கும். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றிலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். 8.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி. அப்புறம் இரண்டு பேரை ஏற்றி மேட்டில் ஓட்டி, நிறுத்தியதும் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதுதான் நோயாளி. கடலோரத்தில் நின்ற வண்டியென்றால் பேட்டரித் தட்டின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும்.

அமெரிக்காவில் இதே வண்டியின் உயரத்தைக் கூட்டி, பட்டன் டயர் (சேற்றில் பிடிக்கும் கட்டைகள் வைத்த டயர்) மாட்டி வேட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வேட்டை வேண்டாம். டயர் மட்டும் போடுங்கள், மழைக்காலச் சேற்றுக்கு ஆகும்.