மாணவருக்குப் பிடித்ததா, மாணவர் கற்றாரா? முதுகலை வகுப்பை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் வகுப்பையே ஆய்வுக் களமாக எடுத்துக்கொள்ள நினைக்கும் கல்லூரி ஆசிரியருக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதுபவர், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவி, அஞ்செட்டியிலிருந்து பஸ் பிடித்து வருபவர் என எல்லோரும் ஒரே முதுகலை வகுப்பில் இருப்பார்கள். இவர்களுக்கு எப்படிக் கற்பித்தால் மனத்தில் நிற்கும், எப்படி மதிப்பிட்டால் நியாயமாக இருக்கும் என்று கேட்பது அவசியமான ஆய்வு. ஆனால் இந்தக் கேள்வியோடு தொடங்கும் ஆய்வேடுகள் பல, ஒரு கருத்துப்படிவத்தோடு முடிந்துவிடுகின்றன. மாணவர் சொன்ன கருத்து எண்ணப்படுகிறது. அவர் எழுதிய விடைத்தாள் கட்டுப் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. என் பார்வையில் இதுதான் முதல் தவறு. மற்றவை பலவற்றுக்கும் இதுவே வேர்.

அந்தப் படிவத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ‘ஆசிரியர் தெளிவாக விளக்கினார்’, ‘இந்த முறை எனக்குப் பயன்பட்டது’ என்பதுபோல முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். கடைசிப் பாடவேளையில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பரபரப்பில் தாள்கள் கைமாறுகின்றன. ஒரு மாணவர் நான்காவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுக் கொடுக்கிறார். அடுத்தவர் மூன்றாவது கட்டத்தில் அப்படியே செய்கிறார். இப்படி நிரப்பிய தாள்களுக்கு குரோன்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண் மிக உயர்வாகத்தான் வரும். அதையே நம்பகத்தன்மைக்குச் சான்றாக ஆய்வேட்டில் அச்சிடுகிறோம். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் காட்டும். மாணவர் படித்துப் பார்த்து விடையளித்தாரா என்பதை அது சொல்லாது.

அக்கறையோடு படித்து நிரப்பினாலும் சிக்கல் தீராது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டு விவாதித்துப் படித்த மாணவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்விலோ அவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மூளையைக் கசக்கிப் படிக்கும்போது தடுமாற்றம் தெரியும். அந்தத் தடுமாற்றத்தை மாணவர் கற்காமை என்று எண்ணிவிடுகிறார். ஆகவே கருத்துப்படிவம் மாணவருக்கு என்ன பிடித்தது என்பதற்கான சான்று. கற்றலுக்கான சான்று வேண்டுமானால் விடைத்தாளுக்குத்தான் போக வேண்டும்.

விடைத்தாளுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் வினாத்தாளில் இடறுகிறார்கள். நம் மாவட்டத்துக்கு நெருக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது இங்கு வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதனால் வந்ததுதான். வேதியியல் முதுகலை வகுப்பில் இதைக் களப்பணியாக, நீர் மாதிரி எடுத்து அளந்து கற்பிக்கிறார் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். பருவ இறுதியில் அவர் கேட்பது ‘ஃபுளூரைடின் பண்புகளை விவரி’ என்றால், களப்பணிக்குப் போனவரும் கைடு படித்து மனப்பாடம் செய்தவரும் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். ‘ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கிறது. இந்திய தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி உண்டு. இந்த அளவீட்டை நம்புவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்பீர்கள்? ஊராட்சிக்கு என்ன பரிந்துரைப்பீர்கள்?’ என்று கேட்டால் வேறுபாடு தாளில் தெரியும். கற்பித்தது ஒன்று, அளந்தது வேறொன்று என்றால், புதிய முறையால் பயனில்லை என்ற தவறான முடிவுக்கு வந்து நல்ல முறையொன்றைக் கைவிட்டுவிடுவோம்.

அடுத்து, விடைத்தாளைத் திருத்துவது. 1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. அதற்குப் பிறகும் ஓர் ஆசிரியர் தாமே கற்பித்து, தாமே வினா எழுதி, தாமே திருத்தி, ‘முன்தேர்வைவிடப் பின்தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது’ என்று முடிவு சொன்னால் யார் நம்புவது? அவர் நேர்மையில் குறை இருக்க வேண்டியதில்லை. இது பின்தேர்வுத் தாள் என்று தெரிந்தாலே கை சற்றுத் தாராளமாகிவிடும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டு தேர்வுகளின் தாள்களையும் ஒரே கட்டாகக் கலக்குங்கள். பெயர், பதிவு எண், தேதி மூன்றையும் மறைத்துக் குறியீட்டெண் இடுங்கள். எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண், அரைகுறை விடைக்கு எவ்வளவு என்ற திட்டத்தை முதலிலேயே எழுதிவையுங்கள். பக்கத்துக் கல்லூரி நண்பர் ஒருவரிடம் கட்டில் ஒரு பகுதியையாவது தனியே திருத்தச் சொல்லி, இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகத் தாருங்கள். ஒத்துப்போகாத தாள்களை எடுத்து வைத்து இருவரும் பேசுவது, முழு ஆய்விலும் நீங்கள் அதிகம் கற்கும் இடமாகக்கூட இருக்கலாம்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடம் புரிந்தும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத மாணவரின் தாளையும், பாடமே புரியாதவர் தாளையும் ஒரே மதிப்பெண்ணில் அடைத்தால் நாம் அளப்பது ஆங்கிலத்தைத்தான். வினாவை இரு மொழியிலும் கொடுத்து, விரும்பிய மொழியில் எழுத ஆய்வுத் தேர்விலாவது இடம் கொடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்குத்தான் விதி உண்டு. உங்கள் ஆய்வுத் தேர்வுக்கு விதி வகுப்பவர் நீங்களே.

எண்ணிக்கையில் வரும் தவறு கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை. தர்மபுரியில் ஒரு வகுப்புக்குப் புதிய முறை, கிருஷ்ணகிரியில் ஒரு வகுப்புக்குப் பழைய முறை. தலா முப்பது பேர். அறுபது மாணவர்களை வைத்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. உண்மையில் ஒப்பிடப்படுவது இரண்டே இரண்டு வகுப்புகள். 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. ஆசிரியர் வேறு, நூலகம் வேறு, பாடவேளை வேறு. வேறுபாடு எதனால் வந்தது என்று எந்தச் சூத்திரமும் பிரித்துக் காட்டாது. முறையை மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்ல வழி: முதல் அலகில் ஒரு வகுப்புக்குப் புதிய முறை, அடுத்த அலகில் மற்றதற்கு. அப்போது ஒவ்வொரு வகுப்பும் தனக்குத்தானே ஒப்பீடாகிறது. இரண்டு வகுப்பைப் பார்த்துவிட்டு ‘தர்மபுரி மாவட்ட முதுகலை மாணவர்கள்’ என்று தலைப்பிடுவதையும் விட்டுவிடலாம்.

பின்தேர்வுக்கு வராதவர்களைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கும் பழக்கமும் உண்டு. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டவர், மாந்தோப்பு வேலை தொடங்கியதும் வர முடியாமல் போனவர், திருமணம் முடிந்து நின்றுவிட்ட பெண் போன்றோரின் முன்தேர்வு மதிப்பெண்ணையும் எடுத்துக் காட்டுங்கள். தடுமாறியவர்கள் விலகிவிட்டு மற்றவர்கள் மட்டும் எஞ்சினால், எதுவும் கற்பிக்காமலே சராசரி உயரும்.

மாணவரைக் காட்சி வழி, செவி வழி, செயல் வழிக் கற்பவர் என்று வகை பிரித்துக் கற்பிக்கும் ஆய்வுகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வகைக்கேற்பக் கற்பித்தால் கற்றல் உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். புதிதாக எடுக்க வேண்டிய தலைப்பு அல்ல.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ‘விருப்பமிருந்தால் பங்கேற்கலாம்’ என்று சொன்னால் எந்த மாணவர் மறுப்பார்? ஒப்புதல் படிவத்தை வேறொரு துறை ஆசிரியர் வாங்கி வைத்து, மதிப்பெண் பட்டியல் அனுப்பிய பிறகு உங்களிடம் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ‘தளியிலிருந்து வரும் மாணவி’ என்று எழுதினாலே ஆள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். பெயரை மறைத்து மட்டும் பயனில்லை.

முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை ஆராய வருபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் எம்.பில். படிப்பை நிறுத்தின. அதுவரை பலரும் ஆய்வு எழுதிப் பழகிய படி அது. அதே விதிமுறைகள் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன; வாரம் 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு போன்றவற்றில் ஈடுபடுத்தலாம் என்றும் சொல்கின்றன. தேர்வறைக் கண்காணிப்பையும் விடைத்தாள் கட்டுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்து ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று பதிவதை ஆய்வாளர் அப்படியே தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணிப்பதிவேட்டை நம்பி நிற்காமல், அந்த மாணவர் முதல் பருவத்தில் எடுத்த ஒரு வகுப்பையும் நான்காம் பருவத்தில் எடுத்த ஒரு வகுப்பையும் அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். வகுப்பில் எழுந்த கேள்விகள் எத்தனை, அவற்றை எழுப்பியவர்கள் யார், தவறான விடை வந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேட்டுக் குறியுங்கள். அவர் திருத்திய தாள்களின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் டிக் போட்ட தாளா, ‘இந்தச் சமன்பாட்டில் அலகு விட்டுப்போயிற்று, மறுபடி போட்டுப் பார்’ என்று எழுதிய தாளா என்பதிலேயே பயிற்சி நடந்ததா இல்லையா என்பது தெரியும்.